தீயணைப்பு வீரராக இருந்த அப்பாவுக்கு ஒரு நினைவு நூல்: அதைத் தயாரித்துத் தந்த சேவை பற்றி

மறைந்தவர்களின் வாழ்க்கையைக் குடும்பத்தாரிடமும் உடன் பணியாற்றியவர்களிடமும் கேட்டறிந்து, பழைய புகைப்படங்களோடு சேர்த்து நூலாக அச்சிட்டுத் தரும் சேவைகள் இப்போது பல இருக்கின்றன. 32 ஆண்டுகள் தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, அதன்பின் 14 ஆண்டுகள் முழுக்க முழுக்க எங்களுக்காகவே வாழ்ந்து மறைந்த என் அப்பாவுக்காக அப்படியொரு சேவையை நாங்கள் அமர்த்திக்கொண்டோம். நூல் கைக்கு வந்து ஆறு மாதங்கள் ஆகின்றன. வீட்டில் எல்லோரும் ஒரு முறைக்கு மேல் படித்துவிட்டோம்; அப்பாவோடு வேலை பார்த்தவர்களும் வாங்கிப் போய்ப் படித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். எனவே நிறைகுறைகளை நிதானமாகச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன். நேர்காணல் நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சிறப்பாக இருந்தது. முதல் வரைவின் எழுத்து எங்களை வருத்தியது. சொன்னபின் மனமுவந்து திருத்தினார்கள். காலக்கெடுவை மட்டும் அவர்கள் சொன்னபடி நம்ப வேண்டாம்.

வேலை ஒரு கேள்வித்தாளில் தொடங்குகிறது. பிறந்த ஆண்டு, படிப்பு, திருமணம், பதவி உயர்வு என்று யாரும் கேட்கக்கூடியவை அதில் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. மீதி மூன்று பக்கங்களில் இருந்த கேள்விகள் வேறு மாதிரியானவை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் என்ன செய்வார்? எந்த ஓசை கேட்டால் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவார்? எந்தப் பொருளை இடம் மாற்றி வைத்தால் அவருக்குக் கோபம் வரும்? அவர் அடிக்கடி சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு சொல் உண்டா? நானும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் எழுதினோம். அப்பா இறந்தபின் அவரைப் பற்றி நாங்கள் இருவரும் அத்தனை நேரம் பேசியது அன்றுதான்.

அதன்பின் நேர்காணல் செய்பவர் நான்கு முறை வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் முடிந்தது என்று நாம் நினைத்த பிறகும் சற்று நேரம் அமைதியாகக் காத்திருப்பார். அந்த அமைதியில்தான் முக்கியமானவை வெளிவந்தன. முதல் சந்திப்பிலேயே அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும், பிள்ளைகள் அந்த அறையில் இருக்கக்கூடாது. அம்மா தனியாகப் பேசப் பழகாதவர், நாங்கள் உடனிருந்தால்தானே நினைவுபடுத்திக் கொடுக்க முடியும் என்று எனக்கு அப்போது சற்று வருத்தமாகவே இருந்தது. இந்தச் சேவையில் மிகச் சரியான முடிவு அதுதான் என்று இப்போது சொல்கிறேன். ஏன் என்பதை விளக்க, எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 24 மணி நேரப் பணிமுறை. காலையில் பணி முடிந்து வரும்போது நானும் தம்பியும் வாசலுக்கு ஓடுவோம். அவர் எங்களைத் தூக்க மாட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு, "குளிச்சிட்டு வந்துடறேன்டா கண்ணு" என்று சொல்லி, வீட்டுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். குளித்து, உடை மாற்றி வந்தபிறகுதான் மடியில் இடம் கிடைக்கும். மற்ற வீட்டு அப்பாக்கள் வாசலிலேயே பிள்ளைகளை அள்ளிக்கொள்வதைப் பார்த்து எனக்கு ஏக்கமாக இருக்கும். என் நேர்காணலில் இதை நான் சொன்னேன். அப்பா அவ்வளவு களைத்து வருவார் என்று காரணமும் நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா தன் நேர்காணலில் வேறொன்றைச் சொல்லியிருந்தார். நான் பிறந்த முதல் மாதத்தில் அப்பா அவரிடம், "துணியைத் துவைச்சாலும் அந்தப் புகை நாத்தம் போறதில்ல. துணியிலேயே இப்படி ஒட்டுதுன்னா என் தோல்லயும் ஒட்டியிருக்கும். அது குழந்தை மேல படக்கூடாது" என்று சொன்னாராம். பணிச் சீருடைக்கென்று தனி வாளி. அதை அம்மாவைத் தொடவிடாமல் அவரே துவைப்பார். அவர் பணியில் சேர்ந்த காலத்தில் இதை யாரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. கரி படிந்த உடையும் தலைக்கவசமும் பெருமைக்குரிய அடையாளங்களாகவே பார்க்கப்பட்ட காலம் அது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புப் பணியில் நேரும் பாதிப்புகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாகச் சொல்லி முதல் பிரிவில் சேர்த்தது 2022-ஆம் ஆண்டில்தான். விபத்து நடந்த இடத்திலேயே உடையைக் கழுவித் தனிப் பையில் இட்டு எடுத்துவர வேண்டும், திரும்பியதும் குளிக்க வேண்டும் என்று இன்று பல நாடுகளின் தீயணைப்புத் துறைகள் அறிவுறுத்துகின்றன. நூலில் நான் சொன்னதும், அம்மா சொன்னதும், இந்த 2022-ஆம் ஆண்டுச் செய்தியும் அடுத்தடுத்த மூன்று பத்திகளாக, விளக்கவுரை எதுவும் இல்லாமல் வைக்கப்பட்டிருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக நான் களைப்பு என்று நினைத்திருந்ததை அந்தப் பக்கம் எனக்குத் திருத்திக் கொடுத்தது. இந்த ஒரு பக்கத்துக்காகவே அவர்கள் கேட்ட கட்டணம் தகும்.

அப்பாவின் பணியையும் குடும்பத்தையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிக்காததையும் நான் பெரிதாக மதிக்கிறேன். இத்தகைய நூல்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். முதல் பாதியில் பதக்கங்கள், இரண்டாம் பாதியில் பேரப்பிள்ளைகள் என்று இருக்கும். அப்பாவிடம் அப்படிப் பிரிக்க எதுவும் இல்லை. தோட்டத்து நீர்க்குழாயைக்கூட அவர் நிலையத்தில் சுருட்டுவது போலவே, நடுவில் மடித்து, மடிப்பிலிருந்து தொடங்கி, இரு முனைகளும் வெளிப்புறம் நிற்கும்படி சுருட்டுவார். ஓய்வு பெற்ற பிறகும் செருப்பைக் கட்டிலருகே வாசலைப் பார்த்துத்தான் விடுவார். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்தாமல் நாங்கள் தூங்கியதில்லை. சாத்திய கதவு தீயையும் புகையையும் எவ்வளவு நேரம் தடுத்து நிறுத்தும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வர வேண்டும், வெளியே வந்தபின் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக்கூடாது என்பவையெல்லாம் எங்கள் வீட்டில் பல் துலக்குவது போல் பழக்கமானவை.

இவற்றில் புகை எச்சரிக்கைக் கருவியைப் பற்றிய பக்கம் எனக்கு மிகப் பிடித்தது. மாதத்தின் முதல் நாள், காலைச் சாப்பாட்டுக்கு முன், நாற்காலியைப் போட்டு ஏறி அதன் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். பேத்தி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கீழே நிற்பாள். கருவி அலறியதும் இறங்கி வந்து, சிறிய குறிப்பேட்டில் பென்சிலால் தேதியை எழுதி, பக்கத்தில் "சரி" என்று எழுதுவார். கருவியின் பின்புறம் உள்ள உற்பத்தித் தேதியிலிருந்து பத்து ஆண்டுகள் ஆனதும், நன்றாக வேலை செய்தாலும் கழற்றிவிட்டுப் புதியது மாட்டிவிடுவார். அந்தக் குறிப்பேட்டை மற்றக் காகிதங்களோடு அப்படியே பையில் போட்டுக் கொடுத்திருந்தோம். அதற்கு மதிப்பு உண்டென்று எங்களுக்குத் தோன்றவில்லை. நேர்காணல் செய்தவர்தான் அதைப் புரட்டிப் பார்த்து, கடைசி ஏழு பதிவுகள் வேறொரு கையெழுத்தில் இருப்பதைக் கவனித்தார். அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியபின் தேதியை அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியிருக்கிறாள். "சரி" என்பதன் "ரி" ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிக்கொண்டு வருகிறது. அந்த இரண்டு பக்கங்களையும் உண்மை அளவிலேயே நூலில் அச்சிட்டிருக்கிறார்கள். பென்சில் கோட்டின் மங்கலைக் கறுப்பாக்காமல் விட்டதற்கு அவர்களுக்குத் தனியாக நன்றி சொன்னேன்.

உடன் பணியாற்றியவர்களைத் தேடிப் பேசியதிலும் அவர்கள் குறை வைக்கவில்லை. நாங்கள் கொடுத்த ஐந்து பெயர்களில் நால்வரைச் சந்தித்தார்கள். அவர்களுள், வண்டி ஓட்டுநராகவும் பம்பை இயக்குபவராகவும் பல ஆண்டுகள் அப்பாவோடு இருந்த ஒருவரின் பேச்சு நூலின் நடுப்பகுதி முழுவதையும் தாங்கி நிற்கிறது. "அண்ணன் உள்ளே போயிட்டார்னா நான் பம்பை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். என் கண்ணு மானியிலதான் இருக்கும், காது அவர் குழாய்லதான் இருக்கும்" என்று அவர் சொன்னதை அப்படியே பேச்சுநடையில் விட்டிருக்கிறார்கள். 'கால்' வந்தது என்று அவர் சொல்லும் இடத்தில் 'அழைப்பு' என்று மாற்றவில்லை. பூட்டிய அறைக்குள் தண்ணீரை அளவறிந்து அடிக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், அளவு தப்பினால் அந்த ஆவியே உள்ளே இருக்கும் ஆளை வேகவைத்துவிடும் என்று அவர் சொல்லும்போதுதான், அப்பாவின் இடது முன்கையில் இருந்த நீண்ட தழும்பு நெருப்பால் வந்ததல்ல, ஆவியால் வந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

மூச்சுக்கருவியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். முதுகில் சுமக்கும் உருளையில் 300 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 300 மடங்கு, அழுத்தத்தில் காற்று நிரப்பியிருப்பார்கள். அது ஏறக்குறைய 55 பாருக்கு இறங்கும்போது கருவி விசில் அடிக்கத் தொடங்கும். பலர் விசில் கேட்டபின் வெளியே கிளம்புவார்கள். அப்பாவின் விதி வேறு: விசில் அடிக்கும் நேரத்தில் நீ வெளியே நின்றுகொண்டிருக்க வேண்டும். உள்ளே போக எவ்வளவு காற்று செலவானதோ அதைவிட அதிகம் திரும்பி வரத் தேவைப்படலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பாராம். இதைப் படித்ததும் தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஏனென்றால் எங்கள் வீட்டில், தேர்வுக்குப் படிப்பதானாலும், மாதக் கடைசியில் பணம் தீர்வதானாலும், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதானாலும், அப்பா சொல்வது ஒன்றுதான்: "விசில் அடிக்கிற வரைக்கும் காத்திருக்காதே." ரயில் விசில் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கேள்வித்தாளில் நாங்கள் எழுதியிருந்த இந்த வரியை நினைவில் வைத்து, ஓட்டுநரிடம் விசில் என்ற சொல் வந்த உடனே நிறுத்தி மேலும் கேட்டிருக்கிறார் அந்தப் பெண்மணி. பதிவுக் கருவியை வைத்துவிட்டுப் போவதற்கும் காது கொடுத்துக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கண்டேன்.

இன்னொரு நேர்காணலில் கடினமான விஷயம் ஒன்று வந்தது. ஒரு வீட்டுத் தீயில், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று நினைத்த பிறகு, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு குழந்தையை அப்பா வெளியே தூக்கி வந்தார், குழந்தை பிழைக்கவில்லை. வீட்டுத் தீயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் புகைதான். பயந்த குழந்தைகள் ஓடி வராமல் கட்டிலடியிலும் அலமாரியிலும் ஒளிந்துகொள்வார்கள். அதன்பின் அப்பா எந்தக் குழந்தையைப் பார்த்தாலும், "தீ வந்தா ஒளியக்கூடாது, கத்திக்கிட்டே வெளியே வரணும்" என்று விளையாட்டுப் போலச் சொல்லிக்கொடுப்பார். அதற்கான காரணம் அம்மாவுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இதை நூலில் சேர்ப்பதா வேண்டாமா என்று சேவையினர் எங்களைத் தனியாகக் கேட்டார்கள். சேர்த்தால் ஒரே பத்தியாக, இடமும் ஆண்டும் குடும்பத்தின் அடையாளமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற விதியை அவர்களே முன்வைத்தார்கள். அந்தக் குழந்தையின் பெற்றோர் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும் என்று அவர்கள் எங்களுக்கு முன்பே யோசித்திருந்தது எனக்கு மதிப்பை உண்டாக்கியது. அம்மா சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம்.

இவ்வளவு நல்ல நேர்காணல்களை வைத்துக்கொண்டு அவர்கள் அனுப்பிய முதல் வரைவு எங்களுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. எழுதியவர் வேறொருவர். முதல் வரியிலேயே அப்பா "தீயோடு போராடிய தெய்வம்" ஆகியிருந்தார். "தன்னுயிரைத் துச்சமென மதித்து" என்ற தொடர் ஆறு இடங்களில் வந்தது. தன் உயிரையும் தன் குழுவினர் உயிரையும் துச்சமாக மதிக்காததால்தான் 32 ஆண்டுகள் குழுவில் யாரையும் இழக்காமல் அவரால் பணியாற்ற முடிந்தது. அந்தத் தொடர் அவருடைய தொழிலையே தலைகீழாக்கிவிட்டது. மூச்சுக்கருவியை எல்லா இடத்திலும் "ஆக்சிஜன் உருளை" என்று எழுதியிருந்தார்கள். அதில் இருப்பது அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்று. தொலைக்காட்சியில் யாராவது ஆக்சிஜன் என்று சொன்னால் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, "காத்து, வெறும் காத்து. நெருப்புகிட்ட ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போவாங்களா?" என்று எங்களிடம் திருத்துவார். அவருடைய நினைவு நூலிலேயே அந்தப் பிழை வந்தது எங்களால் தாங்க முடியாததாக இருந்தது. அட்டையில் கொழுந்துவிட்டெரியும் தீயின் நடுவே யாரோ ஒரு வீரரின் படம். அந்தத் தலைக்கவசத்தின் வடிவம் அப்பா ஒருநாளும் அணியாதது.

அத்தோடு, தீயணைப்புத் தொழிலின் வரலாறு என்று பதினொரு பக்கங்கள் சேர்த்திருந்தார்கள். அப்பாவைப் பற்றிய நூலில் பண்டைய ரோமாபுரிக்கு என்ன வேலை? அதில் ஒரே ஒரு பத்தியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னோம். 1824-இல் எடின்பரோ நகரின் தீயணைப்புப் படைக்குத் தலைமையேற்று, தீயை வெளியே நின்று அணைக்காமல் அதன் மூலத்தைத் தேடி உள்ளே செல்லும் முறையைப் பயிற்றுவித்த ஜேம்ஸ் பிரெய்டுவுட், 1861-இல் லண்டன் டூலி தெருத் தீயில் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போது அப்பா இவரைப் பற்றித் தவறாமல் சொல்வார். சுவரின் உயரம் எவ்வளவோ அதைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவில் நில் என்று தொடர்ந்து சொல்வார். எங்களோடு தெருவில் நடக்கும்போதுகூடப் பழைய மதில் ஓரமாக நடக்கவிட மாட்டார். அந்த இடத்தில் வரலாறு அப்பாவுக்குச் சொந்தமானது. மற்றப் பத்துப் பக்கங்களும் யாருடைய நூலிலும் ஒட்டக்கூடியவை. மே 4-ஆம் தேதி பன்னாட்டுத் தீயணைப்பு வீரர்கள் நாளை அவர் ஆண்டுதோறும் கொண்டாடினார் என்று எழுதியிருந்ததையும் நீக்கச் சொன்னோம். 1998 டிசம்பர் 2-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் லின்டனில் ஐந்து தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் காட்டுத்தீயில் இறந்ததைத் தொடர்ந்து ஏற்பட்ட நாள் அது. அப்பா கொண்டாடியதில்லை, சிவப்பும் நீலமும் சேர்ந்த அந்த நாளின் நாடாத்துண்டு ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். திருத்திய நூலில் நாடாவின் படம் மட்டும் இருக்கிறது.

நான் இருபத்திரண்டு குறிப்புகள் எழுதி அனுப்பினேன். அவர்கள் வாதிடவில்லை. நேர்காணல் செய்த பெண்மணியே இரண்டாம் வரைவை எழுதட்டும் என்று நாங்கள் கேட்டதற்கும் ஒப்புக்கொண்டார்கள். எந்தக் கூடுதல் கட்டணமும் கேட்கவில்லை. இரண்டாம் வரைவில் அப்பா எங்களுக்குத் தெரிந்த மனிதராகத் திரும்பி வந்தார். இந்தச் சேவையை நாடுகிறவர்கள் தொடக்கத்திலேயே நேர்காணல் செய்பவரே எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

புகைப்பட வேலையில் கைநேர்த்தி தெரிகிறது. எங்களிடம் இருந்த படங்களில் பாதி, பசை தடவிய அட்டையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் பழைய ஆல்பத்தில் இருந்தன. அந்தப் பசை நாளடைவில் மஞ்சளாகிப் படத்தையும் கெடுத்துவிடும். பிடித்து இழுத்தால் படம் கிழியும். அவர்கள் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் இடையே விட்டு மெதுவாக அறுத்து எடுத்தார்கள். வராதவற்றை வற்புறுத்தாமல், ஆல்பத்தில் இருந்தபடியே படமெடுத்துக்கொண்டார்கள். சிறிய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து, மூலக் கோப்புகளையும் எங்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து வண்ணப்படங்கள் நிறம் மங்கிச் செம்பழுப்பாகியிருந்தன, அதைச் சரிசெய்தார்கள். ஒன்றைத்தான் கூடுதலாகச் செய்துவிட்டார்கள். அப்பா என்னை மடியில் வைத்திருக்கும் படத்தில், அவருடைய முன்கைத் தழும்பைக் கறை என்று எண்ணி அழித்துவிட்டிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை, தம்பியும் கவனிக்கவில்லை. அம்மா அச்சுமாதிரியைக் கையில் வாங்கியதும், "இது அவர் கை இல்லையே" என்றார். உடனே பழையபடி மாற்றித் தந்தார்கள். மெருகூட்டும் முன் குடும்பத்தாரைக் கேட்டுவிட வேண்டும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபிறகே ஒப்புதல் கொடுங்கள்.

நூலின் கட்டமைப்பு நன்று. அமிலமில்லாத தாள், வெறும் பசையால் ஒட்டாமல் நூலால் தைத்த கட்டு. அதனால் விரித்து மேசையில் வைத்தால் தட்டையாக நிற்கிறது, நடுவில் இருக்கும் படங்கள் மடிப்புக்குள் மறைவதில்லை. எழுத்தின் அளவை அம்மாவின் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்கித் தந்தார்கள். அதனால் பக்கங்கள் கூடி, கட்டணமும் சற்றுக் கூடியது. கட்டணம் குறைவு என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு படிகளில் ஒன்றில் இரண்டு பக்கங்கள் இடம் மாறியிருந்தன. மாற்றுப் படி ஒரு வாரத்தில் வந்தது.

நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்க நூலின் கடைசிப் பக்கத்தில் க்யூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். இது பயனுள்ளதுதான், ஆனால் அந்தக் குறியீடு சேவையினரின் இணையத்தளத்துக்குப் போகிறது. தளம் நின்றுபோனால் குறியீடு வெறும் கட்டங்களாகிவிடும். எனவே ஒலிக்கோப்புகள் அனைத்தையும் தனியாகக் கேட்டு வாங்கி, இரண்டு வீடுகளில் இரண்டு படிகளாக வைத்துக்கொண்டோம். கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் கொடுப்பதில்லை.

காலக்கெடுதான் எங்களுக்கு ஏற்பட்ட மெய்யான மனக்குறை. பத்து வாரங்கள் என்று சொல்லி, திருத்தங்களைக் கழித்துப் பார்த்தாலும் பதினேழு வாரங்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் நூலை எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம்; அன்று எங்களிடம் இருந்தது அட்டையின் ஒரு தாள் மட்டுமே. தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்கள் மனத்தைத் தயார்செய்துகொண்டிருப்போம். வாராவாரம் நாங்களாகவே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குறிப்பிட்ட நாளை மனத்தில் வைத்திருப்பவர்கள் குறைந்தது ஏழு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்காகவும் இதே சேவையை அவர்கள் செய்கிறார்கள் என்று பிற்பாடு அறிந்தேன். ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரையே உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஓட்டுநர் சொன்ன எத்தனையோ விஷயங்களை அப்பாவின் குரலில் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு இன்றும் இருக்கிறது. நேர்காணலுக்குக் குடும்பத்தார் பெயர்களோடு, உடன் பணியாற்றிய குறைந்தது மூவரின் பெயரையாவது கொடுங்கள். குறிப்பேடு, ரசீது, பழைய சாவிக்கொத்து என்று பயனற்றவையாகத் தோன்றும் பொருள்களையும் பையில் போட்டுக் கொடுங்கள்; எது உதவும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

நூலோடு திருத்தத் தாள் ஒன்றும் தருகிறார்கள். படித்தபின் பிழை இருந்தால் அதில் எழுதி அனுப்பலாம், மறு அச்சில் சேர்த்துக்கொள்வார்கள். நானும் தம்பியும் அதை வெறுமையாகவே வைத்திருந்தோம். சென்ற மாதம் உறவினர்களுக்காக மேலும் எட்டுப் படிகள் கேட்டபோது, அம்மா அந்தத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் கையால் ஒரே ஒரு வரி எழுதினார். 41-ஆம் பக்கத்தில், அவர் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கினார் என்று இருக்கிறது. நிலையத்திலேயே ஒரு முறை குளித்துவிட்டுத்தான் கிளம்புவார், வீட்டுக்கு வந்து குளிப்பது இரண்டாவது முறை. சேவையினர் அதை ஏற்றுக்கொண்டு, மறு அச்சில் அந்த வரியைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.